மிடி வந்த கதையும் விராலிமலைப் பாட்டும்

(கட்டுரையாளர்: முன்னாள் மாணவர், மின்னணு மற்றும் தொடர்பியல் துறை)

"மலருக்கு ஒரு கட்டுரை வேணும். ஆனா கேன்டீன் டீ, கடைசி பெஞ்ச், பசுமை நினைவுகள்னு ஆரம்பிச்சிடாதே. அது ஏற்கெனவே நிறைய வந்தாச்சு" என்று போனில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார் சங்கச் செயலாளர். சரி, வரலாறு எழுதுகிறேன் என்றேன். "இன்ஜினீயருக்கும் வரலாறுக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்று சிரித்தார்.

சம்பந்தம் இருக்கிறது நண்பர்களே. நாம் லேபில் பிட், பைட் என்று படித்துக் குறிப்பேட்டில் எழுதி மறந்துபோன விஷயம்தான் தமிழ்நாட்டில் பாட்டு உருவாகிற விதத்தையே மாற்றியது. அந்தக் கதையைச் சொல்ல நினைக்கிறேன். கூடவே, அதில் நான் செய்த ஒரு தவறையும் இங்கே ஒப்புக்கொள்ளப் போகிறேன். அது இன்றைய மாணவத் தம்பி தங்கைகளுக்கு உபயோகப்படும்.

எங்கள் ஊர்

திருச்சியிலிருந்து மதுரை சாலையில் சுமார் முப்பது கிலோமீட்டர் வந்தால் விராலிமலை. மலைமேல் மயில் மீது அமர்ந்த ஆறுமுகன். அருணகிரிநாதர் திருப்புகழ் பாடிய தலம். ஊரைச் சுற்றி மயில்கள். சாமிக்குச் சுருட்டு படைக்கிற வழக்கம் உண்டு என்று கல்லூரி பஸ்ஸில் நான் சொன்னபோது பாதிப்பேர் நம்பவில்லை. நிஜம்தான், வந்து பார்க்கலாம்.

பஸ்ஸில் நான் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. சொல்லாததற்குக் காரணம், அப்போது எனக்கே சரியாகத் தெரியாது. பரதநாட்டியம் என்று இன்று நாம் சொல்லும் ஆட்டத்துக்கு மூத்த வடிவமான சதிர் ஆட்டம் வேரூன்றியிருந்த ஊர் எங்கள் ஊர். முருகன் கோயிலுக்கு 32 ஆடல் மகளிர் இருந்தார்கள். அந்த வரிசையில் கடைசியானவர் முத்துக்கண்ணம்மாள் அம்மையார். ஏழு வயதில் கோயிலுக்கு நேர்ந்துவிடப்பட்டவர். தந்தையார் ராமச்சந்திர நட்டுவனாரே குரு. 1947இல் சென்னை மாகாணத்தில் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது. 1948இல் புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. அதன்பின் கோயிலில் ஆடும் வழக்கம் நின்றுபோயிற்று. அந்த முறை ஒழிந்தது நியாயமே. ஆனால் கலையைச் சுமந்துகொண்டிருந்தவர்களை ஊரும் சேர்த்து மறந்ததுதான் அநியாயம். 2022இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்ட பிறகுதான் எங்கள் ஊர்க்காரர்கள் பலருக்கே விஷயம் தெரிந்தது என்றால் அது மிகையாகாது.

அவர் ஆடிக்கொண்டே தானும் பாடுவார். இதைக் கவனிக்க வேண்டும். பாட்டின் வேகத்தை இங்கே கடிகாரம் தீர்மானிப்பதில்லை, காலும் மூச்சும் தீர்மானிக்கின்றன. இப்படிப்பட்ட ஒரு பாட்டை இயந்திரத்தில் காப்பாற்றி வைக்க வேண்டுமானால் எப்படி வைப்பது? இயந்திரத்துக்கு இரண்டு வழி தெரியும். ஒன்று, காதுக்கு வந்த ஒலியையே பதிவது. அது ஆடியோ. மற்றொன்று, கை என்ன செய்தது என்று குறிப்பெழுதிக் கொள்வது. அது மிடி. இந்த இரண்டும் எப்படி வந்தன, எப்படி ஒன்று சேர்ந்தன என்பதுதான் வரலாறு.

மூன்று நிமிஷச் சிறை

ஒலியைப் பதிவது முதலில் வந்தது. 1902 நவம்பரில் கிராமபோன் கம்பெனிக்காக ஃபிரெட் கெய்ஸ்பெர்க் என்பவர் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜான் முதலியோரைப் பதிவு செய்தார். மின்சாரம், மைக் எதுவும் கிடையாது. ஒரு பெரிய புனல். அதற்குள் முகத்தை வைத்து உரக்கப் பாட வேண்டும். ஒலி அதிர்வு ஊசி வழியே மெழுகில் கோடாக விழும். அந்த மெழுகு ஜெர்மனிக்குக் கப்பலேறி, இசைத்தட்டாகத் திரும்பி வரும். பின்னர் சென்னையிலும் பதிவுகள் நடந்தன. கோயம்புத்தூர் தாயி, சேலம் கோதாவரி போன்ற பாடகிகள் தட்டுகளில் ஒலித்தார்கள். தென்னாட்டில் ஆரம்ப காலத்தில் இயந்திரத்தை நம்பிப் பாட முன்வந்தவர்களில் முக்கியமானவர்கள், விராலிமலை ஆடல் மகளிரைப் போலப் பரம்பரையாய்ப் பாட்டையும் ஆட்டத்தையும் தொழிலாகக் கொண்ட பெண்கள்.

ஒரு தட்டில் சுமார் மூன்று நிமிஷம்தான் அடங்கும். ஒரு மணி நேரம் ராகம் பாடுகிறவரும் மூன்று நிமிஷத்தில் முடிக்க வேண்டும். அதாவது, இயந்திரத்தின் அளவுக்குப் பாட்டை வெட்டும் பழக்கம் பதிவோடேயே பிறந்தது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

1931இல் 'காளிதாஸ்' வந்து தமிழ்ப் படம் பேச ஆரம்பித்தது. 1930களிலேயே ஜெர்மனியில் உருவான காந்த நாடா உலகப்போருக்குப் பிறகு எங்கும் பரவியது. சென்னைப் பட ஸ்டுடியோக்களில் பாடகர், வயலின் வரிசை, தபலா, புல்லாங்குழல் எல்லோரும் ஒரே ஹாலில் அமர்ந்து ஒரே மூச்சில் வாசிப்பார்கள். கடைசி வரியில் ஒருவர் பிசகினால் முதலிலிருந்து மறுபடியும். பல தடங்கள் கொண்ட டேப் வந்த பிறகுதான் பாட்டைத் தனியாகவும் வாத்தியத்தைத் தனியாகவும் பதிந்து பின்னர் சேர்க்க முடிந்தது. ஆனாலும் பதிந்தது ஒலிதான். வயலின் ஒலியைப் பதிந்தபின் அதைப் புல்லாங்குழலாக மாற்ற வழியே இல்லை.

ஐந்து முனைப் பிளக்

இனி நம் துறைக்கு வருவோம். 1970களின் கடைசியில் சிந்தசைசர் செய்யும் கம்பெனிகள் பெருகின. ஒரு கம்பெனிக் கருவி இன்னொன்றோடு பேசாது. 1981இல் சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸ் கம்பெனியின் டேவ் ஸ்மித் எல்லோருக்கும் பொதுவான ஒரு மொழி வேண்டுமென்று முன்மொழிந்தார். ஜப்பானின் ரோலண்ட் கம்பெனியை நிறுவிய இகுடாரோ ககேஹாஷி கைகோத்தார். 1983 ஜனவரியில் அமெரிக்காவில் நடந்த இசைக்கருவிக் கண்காட்சியில் ஸ்மித்தின் ப்ராஃபெட்-600ஐயும் ரோலண்டின் ஜூபிடர்-6ஐயும் ஒரு கேபிளால் இணைத்தார்கள். ஒன்றில் கட்டையை அழுத்தினால் மற்றதும் ஒலித்தது. அதுதான் மிடி. போட்டியாளர்கள் சேர்ந்து உருவாக்கினார்கள், யாரிடமும் ராயல்டி கேட்கவில்லை. இதற்காக இருவருக்கும் 2013இல் தொழில்நுட்ப கிராமி விருது கிடைத்தது.

உள்ளே இருப்பது நாம் படித்த சமாசாரம்தான். வினாடிக்கு 31,250 பிட் வேகத்தில் ஒரு சீரியல் இணைப்பு. ஐந்து முனைப் பிளக், அதில் பயன்படுவது மூன்று. இரண்டு கருவிகளுக்கு நடுவே மின்தொடர்பு இல்லாமல் இருக்க ஒரு ஆப்டோகப்ளர். ஒரு ஸ்வரம் தொடங்க மூன்று பைட் போதும். 'ஸ்வரம் ஆரம்பம், இந்தச் சேனல்' என்று ஒன்று. எந்த ஸ்வரம் என்று 0 முதல் 127 வரை ஓர் எண். எவ்வளவு வேகமாக அழுத்தினாய் என்று இன்னோர் எண். தொடக்க, முடிவு பிட்களோடு சேர்த்து முப்பது பிட். கணக்குப் போட்டால் ஒரு மில்லி வினாடிக்குக் கொஞ்சம் குறைவு. அவ்வளவுதான்.

இதில் ஒலி எதுவுமே இல்லை என்பதைக் கவனியுங்கள். 'இந்தக் கட்டையை அழுத்தினான், விட்டான்' என்கிற குறிப்பு மட்டும். இந்தக் குறிப்பை வயலினுக்குக் கொடுத்தால் வயலின், குழலுக்குக் கொடுத்தால் குழல். பிசகிய ஒரு ஸ்வரத்தை மட்டும் நகர்த்திச் சரி செய்யலாம். டேப்பில் முடியாதது இதில் முடிந்தது.

கோடம்பாக்கத்தில் மிடி

மூன்றே வருஷத்தில் சென்னைக்கு வந்துவிட்டது. 1986 தீபாவளிக்கு வெளியான கே. பாலசந்தரின் 'புன்னகை மன்னன்' படத்தில் இளையராஜா சீக்வென்சரைக் கொண்டு இசையமைத்தார். இந்தியத் திரையிசையில் கணிப்பொறி இசைக்கு முன்னோடி என்று அந்தப் படத்தை இன்றும் குறிப்பிடுகிறார்கள். நூறு வாத்தியத்துக்குக் கையால் ஸ்கோர் எழுதிக் கொடுக்கிறவர், இயந்திரத்துக்கும் எழுதிப் பார்த்தார்.

அப்போது அவரிடம் கீபோர்டு வாசித்த இளைஞர்களில் ஒருவர் திலீப். தந்தை ஆர்.கே. சேகர் மலையாளப் படங்களில் இசை நடத்துநர். 1976இல் அவர் இறந்தபின், அவருடைய கருவிகளை வாடகைக்கு விட்டுத்தான் குடும்பம் நடந்தது. அந்தத் திலீப்தான் ஏ.ஆர். ரஹ்மான். 1989இல் கோடம்பாக்கத்தில் வீட்டை ஒட்டியே பஞ்சதன் ரெக்கார்ட் இன் என்ற சொந்த ஸ்டுடியோவை அமைத்தார். முதலில் விளம்பரப் படங்கள். 1992இல் 'ரோஜா'. முதல் படத்துக்கே தேசிய விருது.

நாம் பார்க்க வேண்டியது அந்த வேலை முறையை. கலைஞர்களை நெடுநேரம் சுதந்திரமாகப் பாடவும் வாசிக்கவும் விட்டுப் பதிந்துகொள்வது, பிறகு நிதானமாக உட்கார்ந்து வேண்டியதை எடுத்துக் கோப்பது. கீபோர்டும் தாளமும் மிடிக் குறிப்பாக ஒரு பக்கம். குரலும் குழலும் ஒலியாக இன்னொரு பக்கம். ஒலிப்பதிவாளர் எச். ஸ்ரீதர் போன்றவர்களின் காதும் கையும் இரண்டையும் ஒன்றாக்கின. ஸ்ரீதர் 2008இல் காலமானார். அந்தப் பதிவுகளின் துல்லியத்தை இன்றும் உதாரணம் காட்டுகிறார்கள்.

இங்கே இன்னொரு பக்கமும் உண்டு. தமிழில் 'மிடி' என்றால் வறுமை என்று நம் தமிழாசிரியர் சொல்லிக் கொடுத்தது ஞாபகம் இருக்கிறதா? இந்த மிடி வந்ததும் ஸ்டுடியோவில் வயலின் வரிசைகள் சுருங்கின. தாளக்காரர் நாலுபேர் வாசித்ததை ஒரு பெட்டி வாசித்தது. பல வாத்தியக்காரர் வீட்டுக்கு அந்த மிடியும் வந்து சேர்ந்தது. கருவி கண்டுபிடிக்கிற நம்மைப் போன்றவர்கள் இந்தக் கணக்கையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

இரண்டும் ஒரே திரையில்

ஸ்டுடியோவில் நடந்தது மேஜைக்கு எப்படி வந்தது? 1985இல் வந்த அடாரி எஸ்.டி. கணிப்பொறியில் மிடி பிளக் உடனேயே இருந்தது. ஸ்டுடியோக்காரர்களுக்கு அது வரப்பிரசாதம். 1987இல் கேக்வாக், 1989இல் கியூபேஸ் என்று மென்பொருள்கள் வந்தன. 1988இல் மிடிக் குறிப்பைச் சேமிக்க ஒரு பொதுக் கோப்பு முறை ஏற்பட்டது. இதனால் ஒரு மென்பொருளில் செய்ததை இன்னொன்றில் இறக்குமதி செய்ய முடிந்தது.

ஆடியோவைக் கணிப்பொறிக்குள் கொண்டுவருவதுதான் கஷ்டமாக இருந்தது. காரணம் அளவு. சி.டி. தரத்தில் வினாடிக்கு 44,100 மாதிரி, ஒவ்வொன்றும் 16 பிட், இடம் வலம் இரண்டு. நிமிஷத்துக்குச் சுமார் பத்து எம்.பி. அன்றைய 1.44 எம்.பி. ஃபிளாப்பியில் எட்டு வினாடி ஒலிதான் அடங்கும். ஆனால் அதே ஃபிளாப்பியில் மிடிக் கோப்பாகப் பல முழுப் பாட்டுகளை வைக்கலாம். ஆகவே டேப்பில் குரல், கணிப்பொறியில் மிடி. டேப்பின் ஒரு தடத்தில் நேரக் குறியீட்டைப் பதிந்துவிட்டால், கணிப்பொறி அதைப் பின்தொடர்ந்து கூடவே ஓடும். மாட்டுவண்டிக்குப் பின்னால் கன்றுக்குட்டி ஓடுகிற மாதிரி.

1990இல் ஆப்கோட் கம்பெனியின் ஸ்டுடியோ விஷன் என்ற மென்பொருள் மிடியையும் ஆடியோவையும் முதன்முதலாக ஒரே திரையில் மேலும் கீழுமாக வைத்தது. 1991இல் புரோ டூல்ஸ். அதே வருஷம் வேவ் என்ற ஒலிக்கோப்பு முறை. 1996இல் கியூபேஸ் வி.எஸ்.டி. வந்து, விலை உயர்ந்த தனிக் கருவிகள் செய்த பல வேலைகளைக் கணிப்பொறியின் பிராசஸரே செய்ய வைத்தது. அடுத்த சில வருஷங்களில் ஃப்ரூட்டி லூப்ஸ் போன்றவை வந்து, நம் ஹாஸ்டல் அறை வரை ஸ்டுடியோ நுழைந்துவிட்டது.

இதில் ஒரு பாடம் உண்டு. முதன்முதலில் இரண்டையும் இணைத்த ஆப்கோட் கம்பெனியை 1998இல் கிப்சன் வாங்கியது. 1999இல் அந்த மென்பொருளின் கதை முடிந்தது. கேக்வாக் வேலையையும் அதே கிப்சன் 2017இல் நிறுத்த, 2018இல் பேண்ட்லேப் எடுத்து நடத்தியது. மென்பொருள் போனால் அதன் புராஜெக்ட் கோப்பும் கிட்டத்தட்டப் போன மாதிரிதான். ஆனால் 1988இன் மிடிக் கோப்பும் 1991இன் வேவ் கோப்பும் இன்றைக்கும் எதிலும் திறக்கின்றன. கம்பெனி போகும், பொது முறை நிற்கும்.

ஸ்வரத்துக்கும் ஸ்வரத்துக்கும் நடுவே

இப்போது நம் பாட்டுக்கு வருவோம். மிடி பிறந்தது பியானோக் கட்டையை மனதில் வைத்து. எழுபதாம் கட்டை, எழுபத்தோராம் கட்டை, நடுவில் ஒன்றும் இல்லை. நம் பாட்டு இருப்பதே அந்த நடுவில்தான். தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917இலேயே கருணாமிர்த சாகரத்தில் சுருதிகளின் நுட்பத்துக்காகப் பக்கம் பக்கமாகக் கணக்குப் போட்டார். கமகத்தைப் பன்னிரண்டு கட்டையில் அடைக்க முடியுமா?

மிடிக்காரர்களும் இதற்கு வழி வைத்திருந்தார்கள். வளைவுச் சக்கரம். 16,384 படிகளில் ஸ்வரத்தை மேலும் கீழும் வளைக்கலாம். ஆனால் இரண்டு சிக்கல். ஒன்று, ஒரு சேனலில் ஒலிக்கும் எல்லா ஸ்வரமும் சேர்ந்து வளையும். இரண்டு, கோப்பில் இருப்பது 'பாதி வளை, முழுக்க வளை' என்பது மட்டும். எவ்வளவு தூரம் என்பதை வாங்குகிற கருவியின் அமைப்பு தீர்மானிக்கும். வழக்கமாக மேலே இரண்டு, கீழே இரண்டு அரைஸ்வரம். நீங்கள் அப்படி வாசித்த தோடியை, பன்னிரண்டு அரைஸ்வரத்துக்கு வளையும்படி வைத்த கருவியில் இறக்குமதி செய்தால் கமகம் ஆறு மடங்காகும். பூனைச் சண்டைதான். 2018இல் ஏற்கப்பட்ட எம்.பி.இ. முறையும் 2020இல் வந்த மிடி 2.0வும் ஒவ்வொரு ஸ்வரத்தையும் தனித்தனியே வளைக்க விட்டன. நல்ல முன்னேற்றம். ஆனாலும் குரலின் கரகரப்பும், மூச்சு வாங்குகிற இடமும் எந்தக் குறிப்பிலும் வராது. அது ஆடியோவில் மட்டும்தான்.

வேகமும் அப்படியே. மென்பொருளைத் திறந்ததும் 120 என்று ஒரு வேகத்தை வைத்துக் கட்டங்கள் போட்டுக் காட்டும். நாம் உடனே பாட்டை அந்தக் கட்டத்துக்குள் தள்ளப் பார்ப்போம். செய்ய வேண்டியது நேரெதிர். பாட்டை அப்படியே பூட்டி வைத்துவிட்டு, பாடியவரின் தாளத்துக்கேற்பக் கட்டங்களை நகர்த்த வேண்டும். பெரும்பாலான மென்பொருள்களில் இதற்கு வசதி இருக்கிறது. பிறகு சேர்க்கிற மிடி அந்த மனிதத் தாளத்தின் பின்னாலேயே போகும். எனக்கு இது தெரியாத காலத்தில்தான் அந்தத் தவறு நடந்தது.

நான் செய்தது

2010. கடைசி வருஷம். நம் கல்லூரிக் கலைவிழாவுக்கு ஒரு 'ஃப்யூஷன்' போடலாம் என்று கிளம்பினோம். எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருந்தார். தைப்பூசத்துக்குக் காவடி கிளம்பும்போது முன்னால் நின்று சிந்து பாடுவார். புத்தகத்தில் உள்ள பாட்டு அல்ல. அவருடைய தாத்தா வழியில் வந்தது. ஒரு நண்பனிடம் கடன் வாங்கிய கையடக்க ரெக்கார்டரோடு போனேன். திண்ணையில் உட்கார்ந்து, ஜால்ராவைத் தட்டிக்கொண்டு, ஏழு சரணமும் பாடினார்.

ரெக்கார்டர் 48,000இல் பதிந்திருந்தது. என் புராஜெக்ட் 44,100. இறக்குமதி செய்யும்போது 'மாற்றட்டுமா?' என்று மென்பொருள் கேட்டது. படிக்காமலே 'வேண்டாம்' அமுக்கினேன். இன்ஜினீயர் அல்லவா! நாலு நிமிஷப் பாட்டு நாலு நிமிஷம் இருபத்தொரு வினாடியாக நீண்டது. இரண்டு கட்டையில் பாடியவர் ஒன்றுக்கும் ஒன்றரைக்கும் நடுவில் எங்கோ இறங்கிவிட்டார். லேப்டாப்பைக் கொண்டுபோய்ப் பெருமையாகப் போட்டுக் காட்டினேன். தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "பாட்டு நான் பாடுனதுதான் தம்பி. ஆனா பாடுறது நான் இல்லையே?"

அதைச் சரி செய்வது ரொம்ப சுலபம். செய்துவிட்டேன். ஒலிக்கோப்பு கெடவில்லை, வாசித்த வேகம்தான் தப்பு. உண்மையான தவறு அடுத்தது. டிரம்ஸ் மிடி 96 வேகத்தில் இருந்தது. அவர் பாட்டு உற்சாகம் ஏற ஏறக் கொஞ்சம் கொஞ்சமாக வேகம் ஏறும். எனவே வரி வரியாக வெட்டி, இழுத்து, கட்டத்துக்குள் உட்கார வைத்தேன். போட்டியில் கொடுத்த நேரத்துக்கு ஏழு சரணம் நீளம் என்று இரண்டைத் தூக்கினேன். எம்.பி.3 ஆக்கினேன். மேடையில் பலத்த கைதட்டல். இரண்டாம் பரிசு. பிறகு ஃபைனல் இயர் புராஜெக்டுக்கு இடம் வேண்டுமென்று ஹார்ட் டிஸ்க்கைச் சுத்தம் செய்தபோது அந்த மூல வேவ் கோப்பையும் அழித்தேன். 'பாட்டுதான் எம்.பி.3யில் இருக்கிறதே' என்று நினைத்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

ஒன்பது வருஷம் கழித்து, 2019 பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது மறுபடியும் அவரிடம் போனேன். இந்த முறை நல்ல மைக்கோடு. பாடினார். குரல் தளர்ந்திருந்தது, ஆனால் சுருதி சுத்தம். ஐந்து சரணம் வந்தது. மற்ற இரண்டும் வரவில்லை. கண்ணை மூடி யோசித்தார், ஜால்ராவைத் தட்டிப் பார்த்தார், முதலடி வரைக்கும் வந்து நின்றது. வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. பிறகு என்னைப் பார்த்து, கொஞ்சமும் சந்தேகமில்லாமல், "அதுக்கென்ன தம்பி, அன்னிக்கு மிஷின்ல புடிச்சீங்களே, அதுல இருக்குமே. போடுங்க, கேட்டாக்க எனக்கு வந்துரும்" என்றார்.

அவருக்கு வராத அந்த இரண்டும் நான் தூக்கிய இரண்டுதான். "சரிங்கய்யா, தேடிப் பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். தேட ஒன்றுமில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. மூன்று நிமிஷத் தட்டுக்காகப் பாட்டை வெட்டியவர்களுக்காவது தட்டில் இடம் இல்லை. எனக்கு என்ன இல்லாமல் போயிற்று?

தம்பி தங்கைகளுக்கு

இதைப் படிக்கிற மாணவர்களே, உங்கள் கையில் இருக்கும் போன், நான் அன்று கடன் வாங்கிய ரெக்கார்டரைவிட மேல். உங்கள் ஊரிலும் ஒரு பெரியவர், ஒரு பாட்டி, ஒரு தவில்காரர், ஒரு ஒப்பாரி பாடுகிறவர் இருப்பார். போய் உட்கார்ந்து பதியுங்கள். அதற்குச் சில வார்த்தைகள், பட்டுத் தெரிந்துகொண்டவை:

பதியும்போது கிளிக் சத்தமோ தாளப் பெட்டியோ வேண்டாம். அவர் பாடுகிறபடி பாடட்டும், நடுவில் நிறுத்தாதீர்கள். சுருக்கப்பட்ட எம்.பி.3 ஆக அல்லாமல் வேவ் கோப்பாக, முடிந்தால் 24 பிட்டில் பதியுங்கள். ஆரம்பத்தில் யார், எந்த ஊர், என்ன தேதி, யாரிடம் கற்றது என்று வாயாலேயே சொல்லிப் பதிந்துவிடுங்கள். அந்தக் குறிப்பு ஒலியோடேயே இருக்கும், தொலையாது. வெளியே போடலாமா என்று அவரிடம் கேட்டு அதையும் பதியுங்கள். பாட்டு அவருடையது, நமக்கு இரவல்.

மென்பொருளில் இறக்குமதி செய்வது எப்போதும் நகலை மட்டும். மாதிரி வேகம் கேட்டால் படித்துவிட்டுப் பதில் சொல்லுங்கள். வெட்டுங்கள், ஒட்டுங்கள், டிரம்ஸ் போடுங்கள், தப்பே இல்லை. நானும் இன்றும் செய்கிறேன். இன்றைய மென்பொருள்கள் ஆடியோவையே மிடியாக மாற்றித் தருகின்றன. ஆராய்ச்சிக்கு நல்லது. ஆனால் மாற்றும்போது இழைந்து வரும் கமகம் படிக்கட்டாகிவிடும். மிடியை வைத்துக்கொண்டு ஒலியைத் தூக்கிப் போடாதீர்கள். வேலை முடிந்ததும் புராஜெக்ட் கோப்பை மட்டும் நம்பாமல் ஒவ்வொரு தடத்தையும் பூஜ்ய நேரத்திலிருந்து தொடங்கும் வேவ் கோப்பாகவும், மிடியைத் தனிக் கோப்பாகவும் எழுதி வையுங்கள். மூலத்துக்கு மூன்று நகல், அதில் ஒன்றாவது வேறு ஊரில்.

1982இல் தொடங்கப்பட்டு ஹரியானாவின் குருகிராமில் இயங்கி வந்த இசை இனவியல் ஆவணக் காப்பகம் போன்றவை இந்த வேலையைப் பெரிய அளவில் செய்து காட்டின. நாம் அவ்வளவு பெரிதாக எதுவும் செய்ய வேண்டாம். நம் கல்லூரி நூலகத்தில் ஒரு அலமாரி, இரண்டு ஹார்ட் டிஸ்க், ஒரு பதிவேடு போதும். ஹார்ட் டிஸ்க் செலவை எங்கள் பேட்ச் ஏற்றுக்கொள்கிறது, நண்பர்களிடம் பேசிவிட்டேன். சந்திப்புக்கு வரும் ஒவ்வொருவரும் தங்கள் ஊரிலிருந்து வெட்டாத ஒரே ஒரு பதிவைக் கொண்டுவாருங்கள். குழந்தைகளுக்குப் பாட்டி பாடும் தாலாட்டாக இருந்தாலும் சரி.

முதல் பதிவாக என்னிடம் இருப்பதைத் தருகிறேன். 2019இல் பதிந்தது, விராலிமலை, திண்ணை, ஐந்து சரணம். ஐந்தாவது முடிந்த பிறகு அவர் ஆறாவதைத் தேடுகிற சத்தம், ஜால்ராவின் இரண்டு தட்டு, பிறகு வெளியே ஒரு மயில் அகவல், அப்புறம் அந்தக் கடைசி வாக்கியம், எல்லாம் அதில் இருக்கின்றன. எதையும் வெட்டவில்லை.

சந்திப்பில் பார்ப்போம். வணக்கம்.